36 வீடுகள், 30 வருஷம்: மவுண்ட் லாரல் கதை

இன்னைக்கு ஒரு சின்ன ஊரோட கதை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம், பர்லிங்டன் கவுண்டி, மவுண்ட் லாரல். ஃபிலடெல்ஃபியாவும் கேம்டனும் பக்கத்துல. பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனா "ஏழைகளுக்கு வீடு எங்க கட்டலாம்னு யார் முடிவு பண்றது?" என்ற கேள்வி அமெரிக்காவில் எங்கே எழுந்தாலும், வக்கீல்கள் முதலில் எடுக்கிற பேர்களில் இதுவும் ஒன்று.

1970 அக்டோபர். ஊரின் கறுப்பின மக்கள் கூடும் ஒரு சிறிய தேவாலயம். மேயர் பேச வந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஊரில் ஸ்பிரிங்வில் என்று ஒரு பகுதி. அங்கே இருந்த பல வீடுகளை வீடு என்று சொல்லவே முடியாது. சில குடும்பங்கள் கோழிக் கொட்டகையைத் தடுத்து, அதைக் குடியிருப்பாக்கி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த மக்கள் ஒரு குழு அமைத்து, 36 அபார்ட்மெண்ட் கட்ட ஒரு திட்டம் போட்டார்கள். இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம் வீடுகள். அவ்வளவுதான். 3,600 இல்லை, வெறும் 36.

மேயர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: எங்க ஊர்ல வாழ உங்களுக்கு வசதி இல்லன்னா, நீங்க ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், யாரைப் பார்த்து இது சொல்லப்பட்டது என்பது. கூட்டத்தில் எத்தல் லாரன்ஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். மழலையர் பள்ளி ஆசிரியை. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வாழ்ந்தது. அங்கே புதுசாக வந்து குடியேறினவர்கள்தான் பெரும்பாலானோர். 1950ல் மவுண்ட் லாரலின் மக்கள்தொகை 2,817. 1960ல் 5,249. 1970ல் 11,221. இருபது வருஷத்தில் நாலு மடங்கு. நேத்து வந்தவங்களுக்கு இடம் இருந்துச்சு. ஆனா, காலங்காலமா இருந்தவரோட மகளுக்கு அதே ஊர்ல ஒரு வீடு கிடைக்கல.

சரி, மேயர் "முடியாது"ன்னு சொன்னா முடியாதா? அப்படி எந்தச் சட்டம் இருந்துச்சு? இந்த இடத்துல தான் ஸோனிங் வருது.

ஸோனிங் என்றால் ஊர் வரைபடத்தை எடுத்துக் கோடு போட்டு, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே தொழிற்சாலை என்று பிரிப்பது. நல்ல நோக்கத்தோடு வந்த ஏற்பாடுதான். உங்க வீட்டுக்குப் பக்கத்துல தோல் பதனிடும் ஆலை வரக்கூடாது இல்லையா? ஆனா மவுண்ட் லாரல் 1964ல் போட்ட ஸோனிங் விதிகளைக் கொஞ்சம் பொறுமையா வாசிச்சா, அந்தக் கோடுகள் வேற வேலையும் பார்த்தது தெரியும்.

முதல் விதி: குடியிருப்புப் பகுதிகளில் தனி வீடு மட்டும்தான். அபார்ட்மெண்ட் கூடாது, ஒட்டி ஒட்டிக் கட்டும் டவுன்ஹவுஸ் கூடாது. இரண்டாவது, மனையின் குறைந்தபட்ச அளவு. இருப்பதிலேயே தளர்வான பகுதியில் 9,375 சதுர அடி. நம்ம கணக்குல கிட்டத்தட்ட நாலு கிரவுண்டு. மனையின் அகலம் 75 அடி இருக்கணும். வீடு குறைஞ்சது 1,100 சதுர அடி இருக்கணும். இன்னொரு பகுதியில் மனையே 20,000 சதுர அடி, அதாவது எட்டு கிரவுண்டுக்கு மேல். மூன்றாவது, ஊர் நிலத்தில் 29.2 சதவீதம், 4,121 ஏக்கர், தொழிற்சாலைக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் உண்மையில் பயன்பாட்டில் இருந்தது சுமார் 100 ஏக்கர். மீதி சும்மா கிடந்தது. ஆனா அங்க வீடு கட்ட முடியாது.

இதில் எங்கேயாவது "ஏழைகள் வரக்கூடாது" என்று இருக்கிறதா? இல்லை. "கறுப்பினத்தவர் வரக்கூடாது" என்று? அதுவும் இல்லை. எல்லாமே அடிக்கணக்கு, ஏக்கர் கணக்கு. நாலு கிரவுண்டு வாங்க முடியாதவர் தானாகவே வெளியே நின்றுவிடுவார்.

இதுவரைக்கும்கூட "சரி, அழகான ஊர் வேணும்னு ஆசைப்பட்டிருப்பாங்க"ன்னு நான் விட்டிருப்பேன். ஆனா அடுத்த விதியை வாசிச்சப்போ ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன். பெரிய பில்டர்கள் சிலருக்கு விதிவிலக்காக அபார்ட்மெண்ட் கட்ட அனுமதி கொடுத்திருந்தார்கள். அதற்கு நிபந்தனை உண்டு. ஒரு பெட்ரூம் வீட்டில் பள்ளிக்கூட வயதுக் குழந்தை குடியிருக்கவே கூடாது. இரண்டு பெட்ரூம் வீட்டில் அதிகபட்சம் இரண்டு பேர். மொத்தக் குடியிருப்பில் வீட்டுக்குச் சராசரி 0.3 பள்ளிக் குழந்தைகளுக்கு மேல் போனால், கூடுதல் குழந்தைகளின் பள்ளிச் செலவை பில்டரே கட்ட வேண்டும்.

குழந்தைகள் மேல ஏன் இவ்வளவு பயம்? காரணம் வரி. நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடங்கள் பெருமளவு நடப்பது அந்தந்த ஊரின் சொத்து வரியில். பெரிய வீடு என்றால் வரி அதிகம். தொழிற்சாலை என்றால் வரி உண்டு, குழந்தை கிடையாது. சின்ன வீட்டில் நாலு குழந்தைகள் உள்ள குடும்பம் என்றால் வரி கம்மி, செலவு அதிகம். ஆக, ஊராட்சியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்குக் குழந்தை ஒரு செலவு. மவுண்ட் லாரல்காரர்களை வில்லன்களாக்கிக் கதையை முடிப்பது சுலபம். ஆனா அதே கணக்கைச் சுத்தியிருந்த ஊர்களும் போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. ஒவ்வொரு ஊரும் "பக்கத்து ஊர் பாத்துக்கட்டும்"னு சொன்னா, கடைசியில அந்தக் குடும்பங்கள் போய்ச் சேரும் இடம் கேம்டன் மாதிரி ஏற்கெனவே நொடிச்சுப்போன நகரங்கள்தான்.

1971ல் வழக்குப் போட்டார்கள். எத்தல் லாரன்ஸும் வாதிகளில் ஒருவர். கூடவே கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைகள். வாதாடியவர்கள் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் கேம்டன் சட்ட உதவி அலுவலகத்தின் இளம் வக்கீல்கள். 1972ல் விசாரணை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஊர் மேல்முறையீடு செய்தது. 1975 மார்ச் 24, மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஃபிரெடரிக் ஹால்.

ஹால் போட்ட வாதம் ரொம்ப எளிமையானது. ஸோனிங் அதிகாரம் ஊருக்குச் சொந்தமானது இல்லை. மாநிலம் கொடுத்தது. மாநிலம் தன் அதிகாரத்தைப் பொது நலனுக்காக மட்டுமே பயன்படுத்த முடியும் என்கிறது மாநில அரசியலமைப்பு. அப்போ அந்த "பொது" யார்? ஊர் எல்லைக் கல்லுக்குள்ளே இருப்பவர்கள் மட்டுமா? இல்லை, அந்த வட்டாரம் முழுக்க வாழும் மக்கள். ஆகவே வளர்ந்துகொண்டிருக்கிற ஒவ்வொரு ஊரும், வட்டாரத்தின் குறைந்த வருமான வீட்டுத் தேவையில் தன் நியாயமான பங்கை ஏற்கத்தான் வேண்டும். வரிப்பணத்தை மிச்சப்படுத்துவது அதற்கு விலக்கு ஆகாது.

இன்னொரு விஷயம், இது சட்டம் படிக்கிற நண்பர்களுக்கு. தீர்ப்பு முழுக்க மாநில அரசியலமைப்பின் மேல் நின்றது. அதனால அமெரிக்க உச்ச நீதிமன்றத்தால இதைத் தொட முடியல. இரண்டு வருஷம் கழித்து, 1977ல், சிகாகோ பக்கம் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊர் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாகுபாடு காட்டும் உள்நோக்கம் இருந்ததை நிரூபிக்கணும், விளைவை மட்டும் காட்டினால் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அடிக்கணக்கில் எழுதப்பட்ட விதியில் உள்நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

சரி, 1975ல ஜெயிச்சாச்சு. வீடு வந்துச்சா? வரல.

மவுண்ட் லாரல் 1976ல் விதியைத் திருத்தியது. சுமார் 14,000 ஏக்கர் ஊரில், குறைந்த வருமான வீடுகளுக்கு என்று மூன்று துண்டு நிலம். மூன்றும் சேர்த்து 20 ஏக்கர் அளவில். ஊரின் பரப்பில் கால் சதவீதம்கூட இல்லை. ஒரு துண்டு, சுற்றிலும் தொழிற்சாலை நிலம் சூழ்ந்தது, குடிநீர், சாக்கடை இணைப்பு பக்கத்தில் இல்லை. இன்னொன்று சதுப்பு. காகிதத்துல தீர்ப்பை மதிச்ச மாதிரி இருக்கும், மண்ணுல ஒரு செங்கல்கூட வராது.

திரும்பக் கோர்ட். 1983 ஜனவரி 20, தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ். எட்டு வருஷத்தில் விசாரணைகளும் காகிதமும் சாட்சிகளும்தான் வந்தன, வீடு வரவில்லை என்ற எரிச்சல் அந்தத் தீர்ப்பில் நன்றாகவே தெரிகிறது. இந்த முறை பல் வைத்தார்கள். இந்த வழக்குகளுக்கென்றே மூன்று நீதிபதிகள். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை வீடு என்று எண்ணிக்கை. அதோடு ஒரு தந்திரமான ஏற்பாடு: ஒரு ஊர் தன் பங்கைச் செய்யவில்லை என்றால், பில்டரே வழக்குப் போடலாம். தன் திட்டத்தில் குறைந்தது 20 சதவீதம் அளவுக்குக் குறைந்த வருமான வீடு கட்டுவதாகச் சொன்னால், கோர்ட்டே அனுமதி கொடுக்கும்.

லாபம் பார்க்கிற பில்டர், ஏழைகளோட வக்கீல் மாதிரி ஆயிட்டார். ஊர்கள் அலறின. 1985ல் மாநில சட்டமன்றம் ஒரு வீட்டுவசதிச் சட்டம் போட்டு, வழக்குகளைக் கோர்ட்டிலிருந்து ஒரு கவுன்சிலுக்கு மாற்றியது. அதில் ஒரு சந்தும் வைத்தார்கள். ஒரு ஊர் தன் பங்கில் பாதி வரை வேறொரு நகரத்துக்குத் தள்ளிவிடலாம். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் போதும். பணக்கார ஊர் காசைக் கொடுக்கும், ஏழை நகரம் ஏழைகளை வைத்துக்கொள்ளும். அந்த நகரங்களுக்கும் பணம் தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனா எதை மாற்றணும்னு வழக்குப் போட்டாங்களோ, அது அப்படியே இருந்துச்சு. 2008ல்தான் இந்தச் சந்தை அடைத்தார்கள்.

எத்தல் லாரன்ஸ் 1994ல் இறந்துபோனார். அதுவரை அவர் கேட்ட வீடு வரவில்லை.

1997ல் மவுண்ட் லாரலின் திட்டக் குழு கடைசியாக அனுமதி கொடுத்தது. அதற்கு முன் நடந்த கூட்டங்களில் சத்தம் காதைப் பிளந்தது. குற்றம் பெருகும், வரி ஏறும், வீட்டு விலை விழும். 2000ல் குடியிருப்பு திறந்தது. பெயர், எத்தல் ஆர். லாரன்ஸ் ஹோம்ஸ். முதலில் 100 வீடு, பிறகு 40. மொத்தம் 140.

அந்தப் பயங்கள் நியாயமா? அதைச் சரிபார்க்க ஒரு ஆய்வு நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் குழுவினரும் 2013ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். குற்றம், வரி, வீட்டு விலை, மூன்றையும் சுற்றுப்புற ஊர்களோடு ஒப்பிட்டார்கள். இந்தக் குடியிருப்பால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. பக்கத்தில் வாழ்ந்தவர்களில் கணிசமான பேருக்கு, அங்கே அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை. உள்ளே போனவர்களுக்கோ நிறைய மாறியிருந்தது. விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் வன்முறையைப் பார்ப்பது குறைந்தது, வேலையும் வருமானமும் கூடின, பிள்ளைகள் நல்ல பள்ளிக்குப் போனார்கள், வீட்டில் படிக்க அமைதி இருந்தது.

கதை இத்தோட முடியல. அந்த கவுன்சில் விதி எழுத முடியாமல் வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. 2015ல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்குகளைத் திரும்பவும் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் கவுன்சிலையே கலைத்து, எண்ணிக்கைக்கு ஒரு நிலையான கணக்குமுறை கொண்டுவந்தது. அதை எதிர்த்தும் சில ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின.

இந்தக் கதையை வாசிச்சுட்டு எனக்கு ரெண்டு விஷயம் மனசுல நிக்குது. ஒண்ணு, கோர்ட் தீர்ப்பு ஒரு கதவைத் திறக்கும். வீடு கட்டாது. நிலம் எங்கே, சாக்கடை இணைப்பு இருக்கா, எத்தனை நாளில் அனுமதி என்று கேட்க ஒரு ஆள் கடைசி வரை நிற்கணும். மவுண்ட் லாரலில் 1971ல் வழக்காடிய அந்த இளம் வக்கீல்களில் ஒருவரான பீட்டர் ஓ'கானர்தான், முப்பது வருஷம் கழித்து அந்தக் குடியிருப்பைக் கட்டி முடித்த அமைப்பையும் நடத்தினார்.

இன்னொண்ணு, "குறைந்தபட்ச மனை அளவு" மாதிரி ஒரு வரியை இனிமே சும்மா கடந்துபோக முடியல. அந்த வரியில் யார் பெயரும் இருக்காது. ஆனா யார் உள்ளே, யார் வெளியே என்பது அங்கேயே முடிவாகியிருக்கும். உங்க ஊர்லயும் மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும், ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பாங்க. அந்த அட்டவணைகளை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. போர்தான், ஒத்துக்கறேன். 1964ல மவுண்ட் லாரல்லயும் அது போராத்தான் இருந்திருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.