கடலோரச் சிற்றூரின் இரைச்சல் ஒழுங்கு: கெத்தாம் தீவையும் பிரிக்பீல்ட்ஸையும் முன்வைத்து

கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பால் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே அமைந்த கெத்தாம் தீவு போன்றதொரு மீனவ ஊரில் இரைச்சலை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்னும் கேள்விக்கு மலேசியாவின் சுற்றுச்சூழல் நிருவாகம் தரும் விடை, ஒலியை டெசிபலில் அளந்து அதற்கோர் உச்ச வரம்பு குறிப்பதாகும். டெசிபல் என்பது மடக்கை முறையில் அமைந்த அலகு. அதில் 10 கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது, மனிதச் செவிக்கோ ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. அளப்பதற்கும் நீதிமன்றத்தில் சான்றாக வைப்பதற்கும் எளிது என்பதால் ஆட்சியாளர் எண்ணை நாடுவது இயல்பே. ஆனால் ஓர் ஒலியைக் கேட்டாக வேண்டியவர் யார், கேட்க விரும்பாமலே கேட்க நேர்பவர் யார் என்பதை உச்ச வரம்பு பிரித்துக் காட்டுவதில்லை. கடலோரத்தில் அந்தப் பிரிவினையே முதன்மையானது என்பதும், அதன்மேல் கட்டப்பட்ட உள்ளூர் விதிகளே நிலைக்கக்கூடியவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சீன மீனவர்கள் பெரும்பான்மையாக வாழும் கெத்தாம் தீவில் வீடுகள் சேற்று நிலத்தில் நட்ட கால்கள்மேல் நிற்கின்றன, கார்கள் இல்லை, குறுகலான நடைபாதைகளில் மிதிவண்டிகளும் மின்வண்டிகளும் ஓடுகின்றன. மீன்பிடிப் படகுகளின் டீசல் இயந்திரங்கள், துறைமுகப் படகுத்துறையிலிருந்து வந்துபோகும் பயணிகள் படகுகள், கோயில் விழாக்கள், கடலுணவு தேடி வார இறுதியில் வரும் கூட்டம் ஆகியவையே அதன் ஒலி உலகம். நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகிறது; காற்றில்லாத இரவில் நீரை ஒட்டிய காற்று மேலடுக்கைவிடக் குளிர்ந்திருக்கும்போது ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்கிறது. பகலில் காதில் விழாத இயந்திரம் இரவில் பக்கத்து வீட்டில் ஓடுவது போலக் கேட்பதற்கு இதுவே காரணம். பலகைச் சுவர்களை, தாழ்ந்த அதிர்வெண்ணுள்ள அடித்தொனி எளிதில் ஊடுருவுகிறது. அளவிடும் முறையோ அந்த அடித்தொனியைத்தான் குறைத்துக் கணக்கிடுகிறது: செவியின் உணர்திறனுக்கேற்பத் திருத்தப்படும் ‘ஏ’ நிறையிடல் 63 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏறத்தாழ 26 டெசிபலைக் கழித்துவிடுவதால், சுவரே அதிர்கிறது என்று முறையிடுபவரிடம் அளவுமானி வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லக்கூடும்.

சட்ட நிலை இருகூறாகப் பிளந்து கிடக்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, வகுக்கப்பட்ட அளவை மீறி இரைச்சல் எழுப்புவதைத் தடை செய்கிறது. ஆனால் குடியிருப்புகளுக்கான எண்கள் சட்டத்தில் இல்லை; அவை சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டியில் உள்ளன. அதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, அடர்த்தி குறைந்த குடியிருப்புக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்றும், வணிகப் பகுதிக்கு 65, 55 என்றும் பரிந்துரைத்து, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரையிலான பொழுதை இரவெனக் கொண்டது. வழிகாட்டி என்பது அறிவுரை. அதை மீறியவர் அதனாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சட்ட வலிமையுள்ள 1987ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிகளோ, காரே இல்லாத தீவுக்கு எட்டாதவை. மறுபுறம், பொதுத் தொல்லை குறித்த அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் காணும், முகரும், கேட்கும் புலன்களை வருத்துவனவற்றையும் தொல்லை என வரையறுத்து, அதை அகற்றும் பொறுப்பை ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கிறது. ஆக, எண்ணை வைத்திருப்பது கூட்டரசுத் துறை. அறிவிப்பு அனுப்பும் கை கிள்ளான் மன்றத்துடையது. 2024இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தபோதும் அம்மன்றத்தின் முன்னுள்ள இந்தப் பிளவு மாறவில்லை.

கடல் தனக்கென வேறொரு சட்டத்தை வைத்திருக்கிறது. கப்பல்கள் மோதுவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், ஒலி எவ்வளவு மிகலாம் என்று கேட்பதில்லை. குறைந்தது எவ்வளவு இருந்தாக வேண்டும் என்று கேட்கின்றன. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல், ஒரு மீட்டர் தொலைவில் 143 டெசிபல் எழுப்பி, இரண்டு கடல்மைலுக்குக் கேட்க வேண்டும். ஒரு குறு ஊதல் வலப்புறம் திரும்புவதையும், இரண்டு இடப்புறம் திரும்புவதையும், மூன்று இயந்திரம் பின்னோக்கி இயங்குவதையும் அறிவிக்கின்றன. மூடுபனியிலோ கடுமழையிலோ ஊதாத மாலுமியே குற்றவாளி. எனவே கிள்ளான் நீரிணையின் ஓரத்தில் வாழ்பவர், ஒலிக்குக் கீழ்வரம்பு விதிக்கும் சட்டமும் மேல்வரம்பு விதிக்கும் வழிகாட்டியும் ஒன்றையொன்று பாராமல் சந்திக்கும் இடத்தில் வாழ்கிறார்.

நேர வரம்பும் இங்கே தடுமாறுகிறது. கடலின் ஏற்றவற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நீர் வற்றினால் சேறு வெளிப்படும் ஓடைகளில் படகை நகர்த்த இயலாது. இன்று காலை 7 மணிக்குப் பின் புறப்படும் படகு, அடுத்த சில நாள்களில் வேறு பொழுதுக்குத் தள்ளப்பட்டு, நள்ளிரவிலும் கிளம்ப வேண்டிவரும். கடிகாரத்தைக் காட்டி அந்த மீனவரைத் தண்டிப்பது நிலவைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும். அதே ஊரில் நள்ளிரவில் ஒலிபெருக்கி வைத்துப் பாடுபவருக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை. இரண்டும் அளவுமானியில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும் என்பதே சிக்கலின் மையம்.

எண்ணால் தீராத இச்சிக்கலை நீதிமன்றங்கள் எவ்வாறு கையாண்டன என்பதற்குத் தமிழுலகிலும் அதன் அண்டையிலும் இரு வழக்குகள் உள்ளன. சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு தேவாலயம் ஒலிபெருக்கியும் மேளமும் பயன்படுத்துவதை எதிர்த்துக் குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடு, இரைச்சலுக்குக் காரணம் தேவாலயமன்று, மாதவரம் நெடுஞ்சாலையின் வாகனங்களே என்று காட்டியது. தேவாலயத் தரப்பு அந்த அறிக்கையையே அரணாகக் கொண்டதுடன், சிறுபான்மையினர் என்பதால் தாங்கள் குறிவைக்கப்படுவதாகவும் வாதிட்டது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்றது. இலங்கையின் தென்கடற்கரை ஊரான வெலிகமையில், பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதிக்குக் காவல்துறை விதித்த நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து நிருவாகிகள் தொடுத்த வழக்கில், 2007 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு பள்ளிவாசலுக்கான தீர்ப்போடு நில்லாமல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரலாகாது என்று எல்லாருக்குமாக நெறி வகுத்தது. இரு தீர்ப்புகளின் உள்ளோட்டமும் ஒன்றே: ஒலியின் அளவைவிட, விலகிச் செல்ல வழியில்லாதவரைக் கேட்குமாறு கட்டாயப்படுத்துவதே தவறு. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு விதிகளும் ஒலிபெருக்கிக்கு இரவுத் தடை விதித்துவிட்டு, பின்னர் சேர்த்த திருத்தத்தின் வழியே, ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் விழாக்காலத்தில் நள்ளிரவு வரை தளர்த்தும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்தன.

அமைதியே எல்லார்க்கும் நன்மை என்று கொள்வதும் பிழை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இதற்கு அருகிலுள்ள சான்று. 1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் அங்கு இயங்குவதால், தெருவைச் செவியால் கடப்பவர்கள் அப்பகுதியின் அன்றாடத்தில் ஒரு பகுதி. சாலை கடக்கும் இடத்தில் விளக்கோடு ஒலிக்கும் குறியொலி, நெருங்கும் பேருந்தின் இயந்திரம், கைத்தடி தரையில் தட்டும்போது சுவரிலிருந்து திரும்பும் எதிரொலி ஆகியவை அவர்களுக்கு வழிகாட்டும் பலகைகள். 2010இல் லிட்டில் இந்தியாவாகத் திறக்கப்பட்ட துன் சம்பந்தன் சாலையில் கடைவாசல் ஒலிபெருக்கியிலிருந்து எழும் திரைப்பாட்டு, பார்வையுள்ளவருக்குச் சிறு தொல்லை அல்லது மகிழ்ச்சி. பார்வையற்றவருக்கோ அந்தப் பலகைகளின்மேல் பூசிய மை. அதேபோல், ஓசையின்றி வரும் மின்வாகனம் அவருக்கு ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய வகை மின்கார்கள் மெதுவாகச் செல்லும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்றது இக்காரணத்தாலேயே. கார்களுக்கான அவ்விதி கெத்தாமின் மின்வண்டிகளைத் தொடாது. ஆனால் இருவர் ஒதுங்கவே இடமில்லாத நடைபாதையில் வண்டியின் மணி ஒலி இரைச்சல் ஆகாது.

கேட்டாக வேண்டிய ஒலியையும் திணிக்கப்படும் ஒலியையும் பிரிக்கும் இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. தேவையான ஒலி எது என்று தீர்மானிப்பவர் பெரும்பான்மையினராகவோ அதிகாரியாகவோ இருப்பார். பல்லின நாட்டில் உருமி மேளமும் சீன நாடக மேடையும் பாங்கொலியும் ஒருவருக்கு வழிபாடு, இன்னொருவருக்கு இரைச்சல். எண்ணுக்கு இனமில்லை, ஆதலால் எண்ணே மெலிந்தவருக்குப் பாதுகாப்பு என்பது அம்மறுப்பு. இதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் சென்னை வழக்கில் எண் இருந்தும் ஐயம் தீரவில்லை என்பதை மறக்கலாகாது. மேலும் எண்ணை அளப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது ஒரு புகார். புகார் கொடுக்கும் துணிவும் மொழியும் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. மின்பெருக்கம் பெற்றதா இல்லையா என்னும் வேறுபாடு இங்கே உதவும்: கையால் அடிக்கும் மேளத்தின் எல்லை அடிப்பவரின் களைப்பு, ஒலிபெருக்கிக்கு அந்த எல்லை இல்லை. இது சமயத்தைப் பாராமல் கருவியை மட்டும் பார்க்கும் அளவுகோல்.

எனவே கிள்ளான் மன்றம் தீவுக்கென இயற்றத்தக்க துணைவிதி சுருக்கமாகவே இருக்கலாம். பாதுகாப்புக் குறியொலிகளும், நீர்மட்டத்தைச் சார்ந்த தொழிற்படகுகளும் நேர வரம்பிலிருந்து விலக்குப் பெற வேண்டும். படகுகளுக்கு நேரத்தடைக்கு மாறாகப் புகைபோக்கி ஒலியடக்கியைக் கட்டாயமாக்குவதும், தேய்ந்த ஒலியடக்கியை மாற்ற உதவி தருவதும் பொருத்தம். மின்பெருக்க ஒலி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். விழா நாள்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டியலிடப்பட வேண்டும். டெசிபல் அளவு, தகராறு எழும்போது சான்றாக மட்டும் பயன்படலாம். பட்டியலை யார் முடிவு செய்வது என்பதில்தான் உண்மையான கடினம் உள்ளது. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் மீண்டும் நடத்தப்படாததால், மன்ற உறுப்பினர்கள் மாநில அரசின் நியமனத்தால் வருகிறார்கள். தூக்கமிழந்தவரோ அனுமதி மறுக்கப்பட்ட கோயில் குழுவோ வாக்கால் அவர்களைக் கேள்வி கேட்க இயலாது. அந்நிலை மாறும் வரை, ஒவ்வோர் அனுமதியும் ஒவ்வொரு மறுப்பும் காரணத்தோடு எழுத்தில் தரப்பட்டு, மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் படகுத்துறையில் ஒட்டப்பட்டு, மேல்முறையீட்டுக்கு உட்பட வேண்டும் என்னும் விதியைத் துணைவிதியின் முதற்பிரிவாக வைப்பதே குறைந்தபட்சத் தேவை.