மரத்துக்கு ஸ்வெட்டர், மனுஷனுக்குப் போர்வை

1/ ஏற்காடு ஒண்டிக்கடையில காலைல பஸ்ஸுக்கு நிக்கிறவங்களைப் பாருங்க. ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர். சுமார் 1,500 மீட்டர் உயரத்துல கம்பளி அழகுக்கு இல்ல, குளிருக்கு. ஆனா தெருக்கம்பத்துக்கும் மரத்துக்கும் ஸ்வெட்டர் பின்னிப் போடுற ஒரு கலை இருக்கு. பேரு 'யார்ன் பாமிங்'. இந்த இழையில அதோட கதை.

2/ 2005, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். மக்தா சேயக் என்ற பெண் தன் கடைக் கதவின் கைப்பிடிக்கு நூலால ஒரு உறை பின்னி மாட்டினார். போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. அடுத்து சாலையோர 'ஸ்டாப்' பலகையின் கம்பம். அப்படியே ஊர் ஊரா பரவிடுச்சு.

3/ 2010 டிசம்பர். நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பகுதியில இருக்குற வெண்கலக் காளைக்கு ஓலெக் என்ற கலைஞர் முழு உடம்புக்கும் குரோஷே சட்டை போட்டார். சில மணி நேரத்துல கிழிச்சு எடுத்துட்டாங்க. 2011 ஜூன் 11 முதல் இதுக்குன்னு ஒரு சர்வதேச நாளே இருக்கு.

4/ நூல்தான் வேணும்னு இல்ல. கேரி பேக்கை நாடாவா வெட்டினா அதுவும் நூல்தான். 2005ல லாஸ் ஏஞ்சலஸில் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் குரோஷேயில பவளப்பாறை பின்ன ஆரம்பிச்சாங்க. அழியுற கடலைக் காட்ட, பிளாஸ்டிக் குப்பையையும் சேர்த்துப் பின்னினாங்க.

5/ "பிளாஸ்டிக்ல பின்னலா?"ன்னு ஆச்சரியப்படாதீங்க. நம்ம வீட்டு வயர் கூடை வேறென்ன? அதே கேரி பேக் நாடாவில வீடில்லாதவங்களுக்குப் படுக்கப் பாய் பின்னித் தர்றவங்களும் அமெரிக்காவில இருக்காங்க.

6/ கதை திரும்புற இடம் தென்னாப்பிரிக்கா. மண்டேலாவின் 67 வருஷப் பொதுவாழ்வு நினைவா, 67 போர்வை பின்னி ஏழைகளுக்குத் தரலாம்னு கரோலின் ஸ்டெய்ன் ஆரம்பிச்சார். அது பெரிய இயக்கமா வளர்ந்து, 2015ல பிரிட்டோரியாவில போர்வைகளை ஒண்ணா விரிச்சு கின்னஸ் சாதனை.

7/ அதை முறியடிச்சது யாரு? நம்ம சென்னை! 2016 ஜனவரி 31. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு. 11,148.5 சதுர மீட்டர் போர்வை. டிசம்பர் வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகாத நேரம். சாதனை முடிஞ்சதும் அதைப் பிரிச்சுத் தேவைப்பட்டவங்களுக்குக் கொடுத்தாங்க.

8/ இந்த வரலாற்றுல எனக்குப் பிடிச்சதே அந்தப் 'பிரிச்சு'தான். மரத்துல விட்ட பின்னல் மழையில ஊறி, வெயில்ல நைஞ்சு, குப்பையாகும். கடையில 'உல்லன்'னு விக்கிற நூல்ல பலது அக்ரிலிக். அதுவும் பிளாஸ்டிக்தான், மண்ணுல மக்காது.

9/ டாக்டரா ஒரு விஷயம். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போகக்கூடாது. உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, அதனால அது வழியா நிறைய சூடு போயிடும். எடை குறைஞ்ச குழந்தைன்னா ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவோட நெஞ்சுச் சூடு, தாய்ப்பால், தலைக்கு ஒரு குல்லா. மூணுமே மருந்துக்கடையில கிடைக்காது.

10/ மே மாசம் ஏற்காடு கோடை விழாவுல பூவால உருவங்கள் செய்றாங்க. பின்னல் கலையும் வரட்டும், சந்தோஷம். ஆனா கம்பத்தைச் சுத்தும்போதே குல்லாவா, போர்வையா பின்னிச் சுத்துங்க. விழா முடிஞ்சதும் கழட்டி, துவைச்சு, பிரசவ வார்டுக்கு அனுப்புங்க. கம்பத்துக்குக் குளிராது.