பிரட்டில் இருந்த பெயர்கள்

1945 செப்டம்பர் 22-ஆம் தேதி, நேச நாட்டு ராணுவத்தின் கல்லறைப் பிரிவைச் சேர்ந்த 13 பேர், ஒரு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சயாம்–பர்மா ரயில்பாதை நெடுக ஆய்வுக்குப் புறப்பட்டார்கள். மூன்று வாரங்களில் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளை அடையாளம் கண்டார்கள். தேடியவற்றில் கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. காட்டுக்குள், பருவமழைக்கு நடுவே, தோற்ற எதிரி நாட்டின் முகாம்களில் இத்தனை துல்லியமாகத் தேட முடிந்ததற்குக் காரணம், இறந்த ஒவ்வொரு போர்க் கைதியின் பெயரையும் புதைத்த இடத்தையும் அவருடைய தோழர்கள் ரகசியமாக எழுதி வைத்திருந்ததுதான். அதே பாதையில் இறந்த பொதுமக்களைப் பற்றி இன்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படுவது ஒரே வரி: 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம். கைதிகளில் இறந்தவர்கள் மொத்தமே ஏறத்தாழ 13,000 பேர். பொதுமக்கள் கணக்கில் உள்ள ஐயத்தின் அளவு மட்டும் 20,000. போர் பொதுமக்களை என்ன செய்தது என்று படிக்க உட்காருபவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். சாவுக்குப் பிறகு ஏடுகள் தொலைந்ததால் வந்த இடைவெளி அல்ல இது. யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போனதால் இவர்கள் இறந்தார்கள். யாருடைய கணக்கிலும் இல்லாமல் போனதற்கும் அதுவேதான் காரணம்.

சயாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்தின் பான் பொங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். கடல்வழி எதிரிகளின் நீர்மூழ்கிகளுக்கு இரையாகத் தொடங்கியதும், பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழியே சரக்கு அனுப்ப ஜப்பான் இதைத் திட்டமிட்டது. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. வேலையில் 60,000-க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் இருந்தார்கள். அவர்களைப் போல மும்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்: பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கைதிகளின் கதையை 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் உலகெங்கும் கொண்டுபோனது. இலங்கையின் கித்துல்கலவில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், பாதை போட்ட தமிழர்களுக்கு இடமில்லை.

படிப்பறிவில்லாத கூலிகளைப் பற்றி ஏடு எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு ஆதாரமே இல்லை. பிரிட்டிஷ் பேரரசில் இவர்கள் அளவுக்கு எண்ணப்பட்டவர்கள் குறைவு. ஆள் பிடிக்கும் கங்காணிக்கு உரிமம்; நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமில் பதிவு; அம்மை குத்தல்; கப்பலில் ஏற்றும்போது எண்ணிக்கை; பினாங்கில் இறங்கும்போது மறுபடியும் எண்ணிக்கை. 1907-இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் கட்டிய வரி, தொழிலாளர் வேலைசெய்த நாள்களைக் கணக்கிட்டே விதிக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு நாளும் காகிதத்தில் ஏறியாக வேண்டும். இருள் பிரியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகை ஏட்டில் குறிப்பார், அரைநாள் வேலை என்றால் அரை. மாலையில் அவரவர் கொண்டுவரும் ரப்பர்ப் பாலுக்கு எடை. கூலி கொடுப்பதற்கும் வரி கட்டுவதற்கும் அவசியமாக இருந்தவரை அவர்களுடைய பெயர்கள் தவறியதே இல்லை. 1943-இல் அந்த அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது.

பழியை ஜப்பானியர் மேல் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் வரலாறு பாதியில் நின்றுவிடும். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். பத்து நாளுக்குள் பினாங்கிலிருந்து ஐரோப்பியரை மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டது பிரிட்டிஷ் நிர்வாகம். தோட்டத் துரைமார்கள் தெற்கே போனார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது, கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டிருந்த லட்சக்கணக்கான மக்கள் சம்பளமில்லாமல், அரிசியில்லாமல், ஊருக்குத் திரும்பக் கப்பலில்லாமல் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் கிடந்தார்கள். ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் போரின் மறுபக்கத்தில் இருந்ததால் பால் வெட்டு ஏறக்குறைய நின்றது. பர்மா அரிசி வருவதும் அருகியது, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. தினம் ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, சாப்பாடு என்று ஆள் திரட்டுவோர் வந்தபோது பலர் தாமாகவே கிளம்பினார்கள். மூன்று மாதம் கழிந்தும் யாரும் திரும்பவில்லை. அதன்பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தது. கிராணிகளும் கங்காணிகளும் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவைப் பூட்டி, அப்படியே லாரியில் ஏற்றிய கதை வெவ்வேறு ஊர்க்காரர்களின் வாய்மொழியில் திரும்பத் திரும்ப வருகிறது. சயாமுக்குப் போவதைத் தவிர்க்கவே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தாமாகப் போனவர்களைக் கூலி வேலைக்காரர்கள் என்றுதானே சொல்ல வேண்டும், போரால் பாதிக்கப்பட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது என்ற வாதத்துக்குப் பதில் இந்த வரிசையிலேயே இருக்கிறது. வேறு சோறு இல்லாத இடத்தில் கொடுத்த சம்மதம் அது. அந்தச் சம்மதத்தின் கெடு மூன்று மாதம். அதற்குப் பிறகு அவர்களைப் பிடித்து வைத்திருந்தது ராணுவம்.

நான்கைந்து நாள் மூடிய சரக்குப் பெட்டியில் பான் பொங்; அங்கிருந்து மழைக்காட்டுக்குள் நடை. 1943 மே முதல் மேல்பகுதி முகாம்களில் வாந்திபேதி பரவியது. அந்த மாதங்களைப் பற்றிக் கைதிகள் எழுதிய நாட்குறிப்புகளில் ஒரு காட்சி பல கைகளில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் கொதிக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. சாப்பிடுமுன் தகரத் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுக்க வேண்டும். இதை நின்று பார்க்க ஓர் அதிகாரி, பக்கத்துக் குடிசையில் ஒரு மருத்துவர். சில நூறு கஜம் தள்ளித் தொழிலாளர் முகாம். அங்கே மருத்துவர் கிடையாது, தண்ணீர் காய்ச்சப் பாத்திரம் கிடையாது, நோயாளியைத் தூக்கவோ இறந்தவரைப் புதைக்கவோ என்று ஒதுக்கப்பட்ட ஆளும் கிடையாது. சில கைதிகள் இதைப் பார்த்துவிட்டு, கூலிகளுக்குச் சுகாதாரம் தெரியாது, அதனால் செத்தார்கள் என்று எழுதினார்கள். பின்னால் வந்த நூல்களும் அதை அப்படியே வாங்கிக்கொண்டன.

இந்த விளக்கம் தவறு என்பதற்குச் சான்று கைதிகளின் வரலாற்றிலேயே உள்ளது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற பெயரில் 7,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் அனுப்பப்பட்டார்கள். புறப்படும்போதே பலர் நோயாளிகள். முந்நூறு கிலோமீட்டர் வரை இரவில் நடத்திக் கூட்டிப்போனார்கள். அவர்களிடமும் மருத்துவர்கள் இருந்தார்கள், தட்டைக் கொதிநீரில் முக்கும் கட்டுப்பாடும் இருந்தது. இருந்தும் 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கு நாற்பத்து நாலு. பாதை முழுவதிலும் இருந்த கைதிகளில் இறந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். எஃப் ஃபோர்ஸ் மட்டும் ஏன் இப்படி? அவர்கள் வேலை செய்தது தாய்லாந்தில். காகிதத்தில் அவர்கள் மலாயா நிர்வாகத்தின் கீழேயே இருந்தார்கள். சோறும் மருந்தும் அனுப்புவது யார் பொறுப்பு என்பதில் இரண்டு பக்கமும் நழுவிக்கொள்ள இடமிருந்தது. அதே இனத்தார், அதே பழக்கம், அதே கட்டுப்பாடு. பொறுப்பு மட்டும் தளர்ந்தது, சாவு இரட்டித்தது. அரைகுறையாக விடப்பட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், முழுதுமாக விடப்பட்டவர்களின் சாவுக்குப் பழக்கவழக்கத்தைக் காரணம் சொல்வது நியாயமில்லை. கைதிகளின் துன்பத்தைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. சாங்கியிலிருந்து தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க என்று பின்னர் அனுப்பப்பட்ட ‘கே ஃபோர்ஸ்’, ‘எல் ஃபோர்ஸ்’ மருத்துவப் பணியாளர்கள் கையில் மருந்தே இல்லாமல் அந்த முகாம்களில் இருந்தார்கள். தமிழர் செத்ததைக் கண்ணால் கண்டு எழுதியவர்களில் அவர்களும் சேர்வார்கள்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தொழிலாளர் பக்கச் சான்றுகளில் பெரும்பகுதி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து முதியவர்கள் வாயால் சொன்னவை. நினைவு நழுவும், பிறர் கதை தன் கதையாகும், அதை வைத்து வரலாறு எழுதலாமா? நினைவு நழுவும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விதி கைதிகளுக்கும் பொருந்தும். அவர்களுடைய நூல்களிலும் பல பிற்பாடு எழுதப்பட்டவை. செய்ய வேண்டியது ஒன்றை மற்றொன்றோடு ஒட்டிப் பார்ப்பது. மலாயாவில் தோட்ட மருத்துவராக இருந்து கைதியான ராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பு அந்தந்த நாளில் எழுதப்பட்டது, நூலாக வந்தது 1983-இல். தமிழரைத் தோட்டத்தில் அறிந்தவர் என்பதால், மற்றவர்கள் வெறும் கூட்டமாகக் கண்ட இடத்தில் அவருக்கு ஆட்கள் தெரிந்தார்கள். வாந்திபேதி வந்த மாதம், மழை, நிராதரவாகக் கிடந்த நோயாளிகள் என்று அவர் போன்றோர் எழுதியதும் தோட்டத்து முதியவர்கள் சொன்னதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒத்துப்போகின்றன. 1990-இல் காஞ்சனபுரியில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. பதிவான எந்தக் கைதி இடுகாட்டிலும் சேராத உடல்கள். வாய்மொழியை ஒதுக்கியவர்கள் அதற்கு முன்னால் கேட்டிருந்தால் இந்தக் குழி அதிர்ச்சியாக இருந்திருக்காது.

மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சாவை அளக்கலாம் என்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. 1931-இல் சிங்கப்பூர் உட்பட மலாயா இந்தியர் ஆறு லட்சத்துக்கு மேல்; 1947-இல் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழ். இந்தச் சரிவு முழுவதும் போரினால் வந்ததல்ல. 1930-களின் மந்தநிலையில் ஏராளமானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. வலுவான வாதத்தைப் பலவீனமான எண்ணின் மேல் ஏற்றினால் இரண்டும் சரியும்.

கைதிகளைக் கணக்கில் சேர்த்துப் பொதுமக்களை விட்ட அதே கோட்டில்தான் சட்டமும் நின்றது. போர்க் கைதிகளுக்கு 1929 ஜெனிவா உடன்படிக்கை இருந்தது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் அதை உறுதிசெய்யவில்லை, ஆனாலும் மீறப்பட்டது என்று சொல்ல ஒரு விதியாவது இருந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் பொதுமக்களுக்கென்று தனி உடன்படிக்கை வந்தது 1949-இல்தான். அதன் 51-ஆவது பிரிவு கட்டாய வேலைக்கு வரம்பு விதித்தபோது பாதை போடப்பட்டு ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16-ஆவது பிரிவு, ஜப்பானின் வெளிநாட்டுச் சொத்திலிருந்து இழப்பீடு பெற வழி செய்தது, யாருக்கு? போர்க் கைதிகளாகத் துன்பப்பட்ட படைவீரர்களுக்கு. இதற்குள் பாதையின் தாய்லாந்துப் பகுதியைப் பிரிட்டன் தாய்லாந்து அரசுக்கு விற்றும் விட்டது. இந்திய தேசிய வரலாறும் இவர்களை ஓரங்கட்டியது. நேதாஜியின் படையினர் பலர் இதே பாதையில்தான் பர்மாவுக்குப் போனார்கள். விடுதலைப் போரின் வீரக்கதையில் அந்தத் தண்டவாளம் வெறும் தண்டவாளமாக நின்றுவிட்டது.

தமிழில் இதை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் மலேசியப் படைப்பாளிகள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் வரலாற்றுத் துறையின் வேலையைச் செய்தன. ஆனால் நாவல் பெயர்ப்பட்டியல் தராது. பட்டியலுக்கான வழி தோட்டக் காகிதங்களில் இருக்கிறது. 1942-ஐ ஒட்டிய செக்ரோல்களையும் போருக்குப் பின் தோட்டங்கள் மறுபடி திறந்தபோது எழுதிய செக்ரோல்களையும் அடுத்தடுத்து வைத்து, முன்னதில் உள்ள, பின்னதில் இல்லாத பெயர்களைத் தனியே எடுக்க வேண்டும். ஊர் திரும்பியவர்கள், வேறு தோட்டம் போனவர்கள், லயத்திலேயே நோயில் இறந்தவர்கள் ஆகியோரைக் கழித்தால் எஞ்சுவது சரியான எண்ணாக இருக்காது. ஆனால் பெயராக இருக்கும். 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, எண்ணெய்ப்பனை போய் வீட்டுமனை வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய ஆபீஸ் அலமாரிகள் காலியாயின. எஞ்சிய ஏடுகள் எந்தெந்தத் தோட்ட அலுவலகத்தில், எந்தெந்த நிறுவனக் கிடங்கில், லண்டனில் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுவதே மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இப்போதே, ஏடுகள் இன்னும் மிச்சமிருக்கும்போதே, எடுத்துச் செய்யக்கூடிய வேலை.