சிங்கப்பூர் போன தாத்தாவை பழைய பேப்பரில் தேடலாம்

நாகப்பட்டினம்: நாகையில் 'ரஜுலா' கப்பல் ஏறி சிங்கப்பூர் போனவர்களின் பேரன், பேத்திகள் விவரம் தேட ஒரு வழி இருக்கு. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' என்ற இணையதளத்தில் பழைய நாளிதழ்களை ஏற்றி வைத்துள்ளது. கட்டணம் கிடையாது. 1845-ல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்', 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' இரண்டும் இதில் உண்டு.

நம்ம ஊர் பெயர்களை அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் இஷ்டத்துக்கு எழுதினாங்க. அதனால் நாலைந்து விதமாக அடித்துப் பார்க்கணும். பெயர் சிக்காவிட்டால் கப்பல் பெயரையும் ஆண்டையும் போடலாம். கப்பல் வந்து சேர்ந்த நாளாவது கிடைக்கக்கூடும். சில பக்கங்கள் அங்குள்ள நூலக கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும். சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால், தேதியைக் குறித்து அனுப்பி பார்க்கச் சொல்லலாம்.