சிலம்ப வித்தையும் ஜீவனமும்

பிள்ளைப் பிராயத்தில் விளையாட்டாகக் கற்ற வித்தை பிற்காலத்தில் ஒருவனுக்குச் சோறிடுமாயின், அதனைப் புகழ்வதா, இகழ்வதா? இக்காலத்து இளைஞர் கைப்பேசியின் வாயிலாகச் சிலம்பம் கற்பித்து மாதக் கட்டணம் பெறுகின்றனர். அதனைக் கேட்டு நம் பெரியோருள் சிலர், “குரு தந்த பிரசாதத்தைச் சந்தையில் விற்பதா?” என்று முகஞ் சுளிக்கின்றனர். செம்மண்டலத்துத் தெருக்களிலும் எழுகின்ற இவ்வினாவைச் சரித்திரத்தைத் துணைக்கொண்டு சிறிது ஆராய்வோம்.

ஆதியில் இவ்வித்தை பொழுதுபோக்காக இருந்ததில்லை. சிற்றரசரும் பாளையக்காரரும் வீரரைத் திரட்டி, ஊதியமும் மானிய நிலமும் அளித்த நாளில், கம்பும் வாளும் பழகியவனுக்கு அப்பழக்கமே ஜீவனம். நம்மவர் பெயரின்பின் நிற்கும் படையாட்சி என்னும் பட்டம் அந்நாளை நினைப்பூட்டுகின்றது. அந்த ஜீவனம் நம்மைவிட்டு எவ்வாறு அகன்றது?

1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட, குண்டு எட்டிய தொலைவுவரையுள்ள கிராமங்களும் அவர்களுக்கே உரியவை என்பது ஏற்பாடு. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன; குண்டு உப்பளவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகின்றது. ஊரெல்லையையே பீரங்கி வரையத் தொடங்கிய பின்னர், கம்பு வீசுவோனுக்குப் போர்க்களத்தில் மதிப்பு ஏது? 1781 ஜூன் மாதத்தில் சிதம்பரம் ஆலயத்தின் மதிலுக்குள்ளிருந்த ஹைதர் அலியின் படையை ஸர் அயர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டையருகே ஹைதரை வென்றார். அப்போர்களிலும் முடிவைத் தந்தவை பீரங்கியும் துப்பாக்கியுமே. தெற்கே பாளையக்காரர் போர் 1801-இல் முடிந்தவுடன், குடிகள் ஆயுதம் தாங்குதலைக் கம்பெனியார் தடுத்தனர். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அனுமதிச் சீட்டின்றி ஆயுதம் வைத்தலைத் தேசமெங்கும் குற்றமாக்கிற்று.

உழவன் கையில் மூங்கிற்கம்பு ஒன்றே எஞ்சிற்று. அறுவடை முடிந்த நாட்களில் களத்து மேட்டில் பயில்வதும், திரௌபதியம்மன் திருவிழாவிலும் ஊர்வலங்களிலும் ஆடிக் காட்டுவதுமாய் வித்தை சுருங்கிற்று. ஆசானுக்குக் கிடைத்தது வெற்றிலை பாக்கும், ஒரு வேட்டியும், சிறு தட்சணையும். பகலெல்லாம் ஏர் பிடித்து மாலையில் கம்பு பிடித்தான். தன் மகனுக்கன்றிப் பிறர்க்குக் கடைசிப் பாடத்தைக் காட்டாது மறைத்த ஆசான்மாரும் உளர். மகன் வேறு தொழிலை நாடியபோது அப்பாடம் அவர்களோடு மறைந்தது. ஆகவே காசு வாங்காமை மட்டும் வித்தையைக் காப்பாற்றவில்லை என்பதை நாம் முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிற்க, இதே நிலைமை நேர்ந்த வேறொரு நாட்டை நோக்குவோம். ஒகினாவா என்னும் தீவில் அரசாண்ட வம்சத்தை ஜப்பானியர் 1879-இல் நீக்கிவிட, அரசனை அண்டி வாழ்ந்த போர்க்குடிகள் மானியமிழந்தனர். அவர்களது கராத்தே வித்தை இரவில் ஒளித்துப் பயிலும் ஒன்றாயிற்று. இதோசு அங்கோ என்னும் பெரியார் 1901-ஆம் ஆண்டையொட்டி அதனைப் பள்ளிக்கூடத்திற் புகுத்தி, சிறுவர்க்கேற்ற எளிய பாடங்களாக வகுத்தார். அத்தீவிற் பிறந்த புனகோஷி கிச்சின் தொழிலால் பள்ளியாசிரியர். இளமை தொட்டுக் கராத்தே பயின்றது விருப்பத்தினாலேயே. ஐம்பதைக் கடந்த வயதில், 1922-இல், தோக்கியோ நகரில் அதனை ஆடிக் காட்டி அங்கேயே தங்கினார். மாணவர் விடுதியொன்றிற் குடியிருந்து, அதன் அறைகளையும் தோட்டத்தையும் பெருக்கித் துப்புரவு செய்து வயிறு வளர்த்துக்கொண்டே கற்பித்தார். ஜூடோ வித்தையை உருவாக்கிய கானோ ஜிகோரோ ஏற்படுத்தியிருந்த படிநிலை முறையை மேற்கொண்டு, 1924-இல் தம் மாணவர்க்கு முதற்படிப் பட்டம் அளித்தார். தீவொன்றில் ஒளிந்து கிடந்த அவ்வித்தை, 2020-ஆம் ஆண்டுக்குரியதாய் 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இடம் பெற்றது. பாட வரிசை, படிநிலை, யாவர்க்கும் திறந்த வாயில் ஆகிய மூன்றுமே அதனை உயர்த்தின.

நம் அண்டை நாடாகிய மலையாளத்திலும் சான்றுகள் உள. தலச்சேரியில் தேகப்பயிற்சியும் களரியும் கற்பித்து வந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901-இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் மாணவர் பலர் அவ்வித்தையாலேயே குடும்பம் காத்தனர். இதற்கு மாறான வழியும் அந்நாட்டில் உண்டு. வடகரையைச் சார்ந்த மீனாட்சியம்மாள் ஏழு வயதில் களரி பழகத் தொடங்கி, முதுமையிலும் கற்பித்து, 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரது களரியில் கட்டணம் என்று ஒன்றில்லை. மாணவர் மனமுவந்து அளிக்கும் தட்சணையே வழக்கம். ஆயினும் அக்களரி ஜாதி மதம் பாராது ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்துக்கொண்டது. கட்டணம் வாங்கியவரும் வாங்காதவரும் ஒருங்கே வெற்றி பெற்றமைக்குக் காரணம், இருவரும் கதவைத் திறந்து வைத்தமையே.

இனி, இணையத்தின் வாயிலாகக் கற்பித்தலுக்கு வருவோம். பிரேசில் தேசத்துக் கிரேஸி குடும்பத்தார் ஜப்பானியர் ஒருவரிடம் கற்ற ஜியு-ஜிட்ஸு என்னும் மல்வித்தையைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்றவர். அவருள் ரோரியன் என்பார் 1978-இல் அமெரிக்கா சென்று, தம் வீட்டு வண்டிக் கொட்டகையிலே விரிப்பிட்டுக் கற்பிக்கலானார். 1989-இல் டாரன்ஸ் நகரில் பள்ளி கண்டார். 2010-ஆம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக, அவர் மக்கள் ரைரன், ரெனர் இருவரும் முதல் நிலைக்குரிய 36 பிடிகளை 23 பாடங்களாக வகுத்து இணையத்தில் ஏற்றி, கட்டணத்திற்குக் கற்பித்தனர். காணொளி அனுப்பித் தேறியவனுக்குக் கச்சை அளித்தபோது, “எதிராளியோடு பொருதாதவனுக்குக் கச்சையா?” என்று பிற ஆசான்மார் கடிந்தனர். அக்கண்டனம் நியாயமானதே. பின்னர் அவர்கள் பல ஊர்களில் பயிற்சி நிலையங்களை அங்கீகரித்து, நேரிற் சோதிக்கும் முறையையும் சேர்த்தனர். திரை வழியே பாடமும் தரை மேல் சோதனையும் என்னும் இவ்வேற்பாடு நாம் மனத்திற்கொள்ளத் தக்கது.

நம் நாட்டில் இதற்கு வழி திறந்தது 2016-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் கைப்பேசியில் இணையச் செலவு பெரிதும் குறைந்தது. கைப்பேசியாலேயே பணம் அனுப்பும் யூ.பி.ஐ. முறையும் வந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் தொற்றுநோய் கருதி ஊரடங்கு பிறந்து சிலம்பக் கூடங்கள் மூடப்பட்டபோது, ஆசான்மார் பலர் வேறு வழியின்றிக் கைப்பேசியின் முன் நின்றனர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுக்களில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. மலேயா நாட்டிலும் பிற தேசங்களிலும் வாழும் தமிழர், தம் மக்கள் இவ்வித்தையைக் கற்க விரும்புகின்றனர். மலேசியாவில் மாலை ஆறரை மணி ஆகும்போது நமக்கு நான்கு மணி. ஒரே மாலையில் அவர்கட்கும் நம் ஊர்ப் பிள்ளைகட்கும் பாடம் நடத்த நேரம் உண்டு.

இதனை மேற்கொள்வோர் கருதத்தக்கன சில. நெற்றியளவு கம்பை வெளிநாட்டு அடுக்கு வீட்டுக்குள் சுழற்றினால் மின்விசிறி உடையும். அவ்விடத்துக்கு முச்சாண் கம்பே தக்கது. சிலம்பத்தின் உயிர் காலடியில் இருத்தலின், ஆசானின் பாதம் திரையிற் புலப்படவேண்டும். எதிர்முகமாய் நின்றால் இடமும் வலமும் மயங்குமாதலால், முதுகு காட்டி நின்று ஆடுதல் நன்று. வணக்கமுறை, காலடி, வீச்சு ஆகியவற்றைத் திரையிற் கற்பிக்கலாம். கம்போடு கம்பு மோதும் பாடத்தை நேரிலன்றிக் கற்பித்தல் ஆகாது. கற்பித்ததாகச் சான்றிதழ் அளித்தல் பொய்யாகும். விளம்பர வருவாயை நம்பி இறங்குதலும் தகாது. யூடியூப் நிறுவனத்தார் 2018-இல் வகுத்த விதிப்படி, விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், பன்னிரு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டியிருந்தன. இருபது மாணவர் மாதந்தோறும் தவறாது செலுத்தும் சிறு கட்டணமே நிலையான ஆதாரம்.

குருவின் பிரசாதத்தை விற்பதா என்ற வினாவுக்கு இனி விடை கூறுவோம். நம் முன்னோர் இவ்வித்தைக்கு ஊதியம் பெற்றனர். அதனால் அவர்கட்கு இழிவு நேர்ந்திலது. ஊதியம் அற்றுப்போனபோதே வித்தை நலிந்தது. எனினும் முகஞ் சுளிக்கும் பெரியோர் சொல்லில் ஓர் உண்மை உண்டு. கற்பித்த ஆசான் ஓலைக்குடிசையில் இருக்க, அவர் பாடத்தைத் திரையிற் காட்டி மாணவன் மட்டும் செழித்தல் அறமாகாது. ஆதலின் ஆசானிடம் விடைபெற்றுத் தொடங்குவதும், பாடத்திற்குமுன் அவர் பெயரைச் சொல்வதும், வரும் கட்டணத்தில் ஒரு பங்கை அவருக்கு மாதந்தோறும் சேர்ப்பதும் கடமையெனக் கொள்க.

மற்றொன்றும் நம்மவர்க்குச் சொல்லக் கடவோம். பட்டப்பெயரைச் சொல்லி மார்தட்டுவதால் வித்தை வளராது. சிலம்பம் ஒரு குலத்தின் தனியுடைமையும் அன்று. தொடக்க வணக்கத்தைச் சில ஊர்களில் சலாம் வரிசை என்பதே, முகம்மதிய வாத்தியார்களோடு நாம் கொண்டிருந்த உறவைக் குறிக்கும். எக்குலத்துச் சிறுவனும் சிறுமியும் வந்து கேட்பினும் ஒளியாது கற்பிப்பவனே உண்மையான படையாட்சி. சங்கத்து அன்பர்கள் தத்தம் ஊரிலுள்ள முதிய ஆசான்மாரை இவ்வாண்டே நேரிற் கண்டு, அவரறிந்த காலடிகளைப் பெயர் சொல்லிப் படம் பிடித்து வைப்பார்களாக. அவர்களுள் பலர் எண்பதை நெருங்கிவிட்டனர். காலம் நமக்காகக் காத்திராது.