திறந்தவெளி அமுக்கக் காற்று அமைப்புகளின் ஈரப்பதப் பாதுகாப்பு

திறந்தவெளி அமுக்கக் காற்று அமைப்புகளின் ஈரப்பதப் பாதுகாப்பு என்பது, கட்டடத்திற்கு வெளியே இயங்கும் காற்றமுக்கிகள், காற்றுக் கலன்கள், குழாய்கள் ஆகியவற்றை மழைநீர், காற்றிலுள்ள நீராவி ஆகியவற்றால் விளையும் சேதத்திலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். காற்றமுக்கி பொதுவழக்கில் கம்பிரசர் என்று அழைக்கப்படுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டையையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். இத்தகைய நெடுஞ்சாலை ஊர்களில் பஞ்சர் கடைகளின் காற்றமுக்கிகள் பெரும்பாலும் கடையின் முன்புறத்திலேயே வைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து காற்றழுத்தத்தால் நீரை மேலேற்றும் கம்பிரசர்கள் வயல்வெளியிலும், பாறை துளைக்கும் கருவிகளுக்குரியவை கல் குவாரிகளிலும் இயங்குகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவை மிகுந்த ஈரத்திற்கு உள்ளாகின்றன.

நீர் உருவாகும் விதம்

காற்றமுக்கிக்குள் மழைநீர் புகாவிட்டாலும் கலனில் நீர் சேரும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையையும் கன அளவையும் பொறுத்தது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக இருப்பின் அதில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும்.

இக்காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் எட்டு மடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால் அதன் கன அளவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அமுக்கும்போது காற்று சூடாவதால் நீராவி உடனே நீராவதில்லை. பழைய வெப்பநிலைக்குக் குளிர்ந்த பின்னர், அக்காற்றால் 4 கிராமுக்கும் குறைவான நீராவியையே தாங்க இயலும். எஞ்சிய சுமார் 20 கிராம் நீராகப் படியும். இக்கணக்கின்படி, நிமிடத்திற்கு ஒரு கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கும் காற்றமுக்கி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரை உண்டாக்கும்.

விளைவுகள்

* கலனின் அடிப்பகுதியில் தேங்கும் நீர் எஃகை உட்புறமாக அரிக்கிறது. வெளியே வண்ணப்பூச்சு நன்றாக இருக்கும்போதே தகடு மெலிந்திருக்கக்கூடும். மெலிந்த கலன் அழுத்தத்தில் வெடித்தால் உயிரிழப்பு நேரலாம்.
* பாதுகாப்பு வால்வு துருப்பிடித்து இறுகினால் மிகை அழுத்தம் வெளியேறாது.
* விட்டுவிட்டுச் சிறிது நேரமே இயங்கும் இயந்திரங்களில் எண்ணெய் போதிய அளவு சூடாவதில்லை. அதில் நீர் கலந்து எண்ணெய் பால் போல வெண்மையாகிறது. உராய்வுக் காப்பு குறைகிறது.
* மின்னோடியின் காப்புறை ஈரமானால் மின்கசிவு ஏற்படும்.
* துளைக்கருவிகளில் மசகு எண்ணெய் கழுவப்பட்டு உறுப்புகள் தேய்கின்றன.

குளிர்நாடுகளில் இந்நீர் குழாய்களில் உறைந்து அடைப்பை உண்டாக்கும். பாரவண்டிகளின் காற்றுத் தடைகளில் ஈரம் நீக்கும் கருவி பொருத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டின் சமவெளிகளில் உறைதல் இல்லை. அரிப்பே முதன்மையான சிக்கலாகும்.

பாதுகாப்பு முறைகள்

அமைவிடம்: இயந்திரம் தரைமட்டத்திற்கு உயர்ந்த மேடையில், கூரையின் கீழ், பக்கங்களில் காற்றோட்டம் உள்ளவாறு அமைய வேண்டும். இயங்கும்போது தார்ப்பாயால் போர்த்தினால் வெப்பம் வெளியேறாது. ஓய்வில் இருக்கும்போது இறுகப் போர்த்தினாலும் உள்ளே ஈரம் வியர்த்துப் படியும். காற்று உறிஞ்சும் வாய் சாரல் படாத திசையை நோக்க வேண்டும்.

நீர் வடித்தல்: செலவு மிகக் குறைந்த முறை இதுவே. நாள்தோறும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, கலனின் அடியிலுள்ள வடிகுழாயை மெதுவாகத் திறந்து, நீர் நின்று காற்று மட்டும் வரும்வரை விட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாளில் பலமுறை வடிக்க நேரிடும். இந்நீரில் எண்ணெய் கலந்திருப்பதால் அதைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ விடலாகாது.

குழாய் அமைப்பு: முதன்மைக் குழாய், காற்று செல்லும் திசையில் சற்றுச் சரிவாக அமைக்கப்பட்டு, தாழ்ந்த இடங்களில் வடிகால் பொருத்தப்படும். கிளைக்குழாய்கள் முதன்மைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுக்கப்பட்டால் அடியில் ஓடும் நீர் கருவியை அடையாது.

உலர்த்திகள்: குளிரூட்டும் உலர்த்தி காற்றை ஏறத்தாழ 3 பாகை செல்சியசு வரை குளிர்வித்து நீரைப் பிரிக்கிறது. சிலிக்கா கூழ் முதலிய உறிஞ்சிகள் காற்றை இதனினும் உலர்வாக்கும். வண்ணம் தெளித்தல் போன்ற பணிகளுக்கு இவை தேவை. சக்கரத்திற்குக் காற்றடிக்கும் சிறு கடைகளுக்கு நீர்பிரிப்பானும் ஒழுங்கான வடித்தலும் பெரும்பாலும் போதுமானவை.

ஆழ்துளைக் கிணற்றுக் கம்பிரசர்களில் பின்னோட்டத் தடுப்பு வால்வு பழுதடைந்தால், இயந்திரம் நின்றதும் கிணற்று நீர் காற்றுக்குழாயில் மேலேறக்கூடும். எனவே இவ்வால்வையும் மின் இயக்கிப் பெட்டியின் மூடியையும் மழைக்கு முன்னர் சோதிப்பது நன்று.

சோதனையும் சட்டமும்

கலனின் வலிமை, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் நீரை நிரப்பிச் சோதிக்கப்படுகிறது. நீர் மிகக் குறைவாகவே அமுங்குவதால், சோதனையில் கலன் பிளந்தாலும் காற்றைப் போல் பெருவெடிப்பு நிகழ்வதில்லை. அரித்து ஓட்டை விழுந்த கலனின் மேல் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்துவது ஆபத்தானது. ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும்.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அழுத்தக் கலன்களில் பாதுகாப்பான வேலை அழுத்தம் மீறப்படாதிருக்க நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. ஆயினும் மின்விசையுடன் பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரிந்த இடங்கள் பொதுவாக அதன் வரம்பிற்குள் வரவில்லை. ஓரிருவர் நடத்தும் சாலையோரக் கடைகளில் கலனின் பாதுகாப்பு பெரும்பாலும் உரிமையாளரின் அன்றாடக் கவனத்தையே சார்ந்துள்ளது.