புத்தூர்க் குடும்பங்களில் வம்சாவளித் தேடல்

யாழ்ப்பாணம் வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூர்ப் பகுதியில் பூட்டன், ஓட்டன் வழியைத் தேடுவோரை முதலில் குழப்புவது பெயர்தான். தகப்பன் பெயரே முதலெழுத்தாக நிற்பதால் அது தலைமுறைதோறும் மாறும். இடையில் ஓர் ஆங்கிலப் பெயர் தட்டுப்பட்டால் வெள்ளைக்காரக் கலப்பு என்று ஊகிப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது வீண் ஊகம். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளிகளில், படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க அன்பர்களின் பெயர்களை மாணவருக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அயலூரான சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, அம்மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை ஆங்கிலத்தில் சார்ல்ஸ் வின்சுலோ; தமிழில் சிறுப்பிட்டி வைரவநாதர் மகன்.

இரத்த உறவுக்கு நம்பகமான தடம் காணி உறுதிகளே. ஒல்லாந்தர் காலத் தோம்புப் பதிவேடுகளில் காணியும் உடையவர் பெயரும் பதிவாயின; பழைய உறுதிகள் அத்தோம்பைச் சுட்டும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டப்படி சீதனம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது வழமை. ஆகவே, வேறு ஊர்ப் பதிவேடுகளில் மறைந்துபோகும் பெண்வழி, இங்கே சீதன உறுதிகளில் துலங்கும். ஞானஸ்நானப் பதிவேடுகள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே உதவும்.